சவத்த விடுங்க

எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் 'சவம்' இல்லாமல் ஒரு நாள் நகராது. தையல் மெஷின் நின்றால் சவம். பால் பொங்கினால் சவம். சண்டையை முடிக்க 'சவத்த விடு' என்போம். மும்பைத் தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறைக்குள் நுழைந்தால், ஏதோ பிணவறைக்கு வந்துவிட்டோமென்று வெளியாள் பயந்து ஓடுவான்.

அந்தப் பட்டறையில் என் தம்பியும் வேலை பார்த்தான். போன வருஷம் ஒரு நாள் காலை அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

அதன்பிறகு எங்கள் சந்து முழுக்க நாகரிகம் வந்துவிட்டது. "கொசு சாவடிக்குது" என்று வாய்விட்டுக் கத்துகிற பக்கத்து வீட்டுக்காரி, என்னைக் கண்டதும் "கொசு ரொம்ப சிரமப்படுத்துதுக்கா" என்றாள். என் புருஷன் சட்னியில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை. நானும் யாரையும் திட்டுவதை விட்டுவிட்டேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் வாயைத் திறக்காமல் கிடந்ததில் பயந்துபோய், அவர்தான் என்னை ஆட்டோவில் ஏற்றி செம்பூருக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த மனநல ஆலோசகர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிடச் சின்னவள். "நான் டாக்டர் இல்லை" என்று எத்தனை தரம் சொல்லியும் நான் டாக்டரம்மா என்றே கூப்பிட்டேன். அழுவதற்கென்றே ஒரு டப்பா நிறைய காகிதம் வைத்திருந்தாள். கண்ணைத் துடைக்கக் காகிதமா, முந்தானை எதற்கு இருக்கிறது?

தம்பியைப் பற்றிக் கேட்டாள். எப்படிச் செத்தான் என்று மட்டும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். "சவத்த விடுங்க" என்று தப்பிக்கப் பார்த்தேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மெதுவாக, "இன்னும் அவரை விட முடியலைன்னு தோண்றதா?" என்றாள்.

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! "ஐயோ டாக்டரம்மா, சவம்னா எங்கூர்ல அதில்ல, சும்மா ஒரு பேச்சு!" அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்கோ" என்று சொல்லிக்கொண்டே அவளும் சிரித்துவிட்டாள். மாசக்கணக்கில் சிரிக்காத வயிறு வலித்தது. சிரித்த கையோடு அழுகை பிய்த்துக்கொண்டு வந்தது.

அழுகையோடு உள்ளே கிடந்ததும் வந்துவிட்டது. அவன் செத்த அன்றைக்குக் காலை வேலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "சவத்து மூதி, எங்கயாவது போய்த் தொலல" என்றேன். வழக்கமாக, "சவத்துக்குப் பசிக்கிக்கா, சோத்தப் போடு" என்பான். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"நாஞ் சொன்ன சொல்லுதான கொன்னுட்டு?"

'சேச்சே, இல்லவே இல்லை' என்று யாரானாலும் சொல்வதைத்தான் அவளும் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவர் மனசுல என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசி உங்களை ஏமாத்த மாட்டேன். ஆனா ஒரே ஒரு வார்த்தையால இப்படி ஆறதில்லை. வெளியில தெரியாத வலி நெறைய சேர்ந்திருக்கும்" என்றாள். பிறகு, "அந்த வார்த்தைக்கு உங்க ரெண்டு பேர் நடுவுல என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "'சாப்பிட வால'ன்னு அர்த்தம்" என்றேன்.

"அவர்மேல கோபம் இருக்கா?"

"செத்தவன்மேல கோவப்படலாமா?"

"வந்தா வரட்டுமே. இங்க உட்கார்ந்து திட்டுங்கோளேன்."

திட்டினேன். எங்கள் ஊர்ப் பாஷையில் ஒன்றுவிடாமல், வெளியே காத்திருந்த என் புருஷன் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லால, சவத்து மூதி" என்று முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவன் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

அவன் செத்துப்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.