ஒரே காய்ச்சல், ஒரே மருந்து

யுத்த காலத்தில், கம்பத்திலிருந்து தேனிக்கு வந்த பஸ்ஸில் கல்லூரியில் பௌதிகம் நடத்தும் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் தூங்கிய பெண் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இரட்டைப் பிள்ளைக. ரெண்டு பேருக்கும் ஒரே மலேரியாக் காய்ச்சல், ஒரே கொயினா மருந்து. இவ பிழைச்சா, அவ போயிட்டா" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"கடியாரத்துல மினுங்குற ரேடியத்துல எல்லா அணுவும் ஒண்ணுபோலத்தான். ஒண்ணு இன்னைக்கே உடையும், ஒண்ணு ஆயிரம் வருசம் அப்படியே கெடக்கும். அதுக்குக் காரணமே கெடையாதுன்னு விஞ்ஞானிக கண்டு சொல்லியிருக்காக. அதைச் சந்தோசமாத்தான் பாடம் நடத்துனேன்."

"நெசமாவே காரணம் இல்லையா? இல்ல, நமக்குத்தான் தெரியலையா?" என்று கேட்டேன்.

"இல்லைன்னுதான் சொல்றாக. ஆனா பெத்தவ ஏன்னு கேட்டப்ப, அப்படிச் சொல்ல வாய் வரல. அவளுக்கு மட்டும் கம்பவுண்டர் மருந்தைத் தப்பாக் கலந்துட்டாகன்னு பொய் சொல்லிட்டேன். ஊரு அவரை அடிச்சு விரட்டிருச்சு."

அவர் செய்தது பெரிய அநியாயம். ஆனாலும் அந்தத் தாய் என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.