நீல மயில் வீடு

அஞ்சலாட்சிக்கு அன்று ஒரே நாளில் மூன்று நாள் வேலை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய பிரெஞ்சுக் குறிப்புகளை மதியத்துக்குள் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் எப்போது வருமோ தெரியாது. சிநேகிதி அன்புசெல்வியின் மகளுக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்கக் கூட வருவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தாள். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத ஜென்மம். சொந்தத் தொழில், தலைக்கு மேல் முதலாளி இல்லை என்று ஊரார் பொறாமைப்படுகிறார்கள். கூப்பிடுகிறவரெல்லாம் முதலாளி என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஒருவழியாக மருந்துக் குறிப்புகளை அனுப்பினாள். சிலிண்டரை மாடியேற்ற வைத்து, துவைத்ததை மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, ஸ்கூட்டியில் கிளம்பினாள். நெல்லித்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அன்புசெல்வி, புடவைக் கடையில் இரண்டு புடவை பிரிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய், ஒரு வேலை இருக்கு. வீட்டு பேரம். வாங்குற அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. கடைக்கு வந்து கேட்டாங்க, ஒன் பேரச் சொல்லிட்டேன். இப்பவே போவணும்."

"நீ எனக்கு சிநேகிதியா, புரோக்கரா?"

"ரெண்டுந்தான். போ, புடவைய நான் பாத்துக்கிறேன்."

கடற்கரைப் பக்கம் ஒரு காபிக் கடையில் இருவர் காத்திருந்தார்கள். மதாம் சிவசங்கரிக்குப் பேரும் முகமும் நம்மூர். பிறந்து வளர்ந்தது பிரான்சில் என்பதால் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான். எதிரில் கோவிந்தராசு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, அவர் சார்பில் விற்றுக் கொடுக்க வந்த மச்சான்.

இருவர் நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்வதில் அஞ்சலாட்சிக்கு ஒரு விரதம் உண்டு. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தன் சொல்லென்று ஒன்று வாயில் வரக் கூடாது. காது வாங்கும், வாய் கொடுக்கும்; புத்தி ஓர் அடி பின்னால்தான் வரும்.

"குருசுக்குப்பத்துல மாடி வீடு. மேல நின்னா கடலு தெரியும்" என்றார் கோவிந்தராசு. சொன்னாள். "அடையாளம்னா, மொட்டைமாடிச் சுவத்துல நீலக் கலர்ல ஒரு சிமெண்டு மயிலு இருக்கும்." அதையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் புத்தி வந்து சேர்ந்தது.

அந்த மயிலின் கழுத்தில்தான் காலையில் கொடிக்கயிற்றைக் கட்டி நைட்டி காயப்போட்டிருந்தாள்.

டம்ளரைக் கீழே வைத்தாள். வாடகை மாதாமாதம் பேங்குக்குப் போகிறது. வீட்டுக்காரர் பொங்கலுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். விற்கப் போகிறேன் என்று மூச்சுவிடவில்லை. அவளுக்கு வீடும் அதுதான், ஆபீசும் அதுதான். தனியாக இருக்கிறவள் இந்த ஊரில் வீடு கேட்டுப் போனால் எத்தனை வாசலில் நிற்க வைத்து விசாரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பட்டிருக்கிறாள்.

"மேல ஒரு பொம்பள தனியா குடியிருக்கு. மாசக் கடைசில காலி பண்ணிடும்" என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார் கோவிந்தராசு. வாய் அதையும் பிரெஞ்சில் சொன்னது. தன்னைத் தானே வீட்டை விட்டு அனுப்பிய அந்தக் குரல் கொஞ்சமாவது நடுங்கியிருக்க வேண்டாமா? நடுங்கவில்லை. அதை நினைத்து இன்னும் திடுக்கிட்டுப் போனாள்.

மதாம் யோசித்தார். ஒருத்தரைத் தெருவில் நிறுத்திவிட்டு எனக்கு வீடு வேண்டாம், அந்தப் பெண் மனதார ஒத்துக்கொண்டாளா என்று கேட்டார். அஞ்சலாட்சி தமிழில் கேட்டாள்.

"நானே நேர்ல பேசிட்டேன், சந்தோசமாத்தான் போவுது. உழவர்கரையில வேற வீடே பாத்துக் குடுத்துட்டேன்னு சொல்லும்மா."

பச்சைப் பொய். ஒரு மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இப்படிச் சொல்ல முடியுமா? அந்தப் பொம்பள நான்தான்யா என்பது தொண்டை வரை வந்தது. விரதம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. சந்தோஷமாக என்ற சொல்லைக்கூட விடாமல் அப்படியே மாற்றிச் சொன்னாள்.

மதாமுக்கு நிம்மதி. உடனே வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் போய்ப் படியேறினார்கள். அவள் தினம் ஏறுகிற படிதான். மேலே கதவு பூட்டியிருந்தது.

"அந்தம்மா வேலைக்குப் போயிருக்கும். சாவி அதுங்கிட்டதான் இருக்கும்" என்றார் கோவிந்தராசு. சொன்னாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் பேசியதில் இதுவாவது நிஜம்.

பிறகு கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, செருப்பை எப்போதும் விடும் மூலையில் விட்டுவிட்டு உள்ளே போனாள். மதாம் சாவியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கோவிந்தராசுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மதாம் தணிந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

அஞ்சலாட்சி கோவிந்தராசு பக்கம் திரும்பி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"நீங்க இந்தம்மாகிட்ட எப்ப பேசுனீங்கன்னு மதாம் கேக்குறாங்க."