படையல் அறையில ஓடுன டேப்பு

செல்வி, முதல்லயே சொல்லிடறேன், பேய், ஆவி இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவ நான். அங்க ஒவ்வொரு கித்தா மரத்துக்கும் ஒரு பேய்க் கதை இருக்கும், ஒண்ணைக்கூட நம்புனதில்லை. கிளை ஆடுனா காத்துல ஆடுதுன்னு சொல்லிட்டுப் போற ஆளு. அதனால இப்ப நான் சொல்லப் போறதை நீ நம்பலைன்னாலும் எனக்குக் கோவம் வராது, உன் இடத்துல நான் இருந்தா நானும் உதட்டைக் கடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பேன். என் முன் ரூமுக்கு நீ வாடகைக்கு வந்த நாள்லேருந்து பாக்கறேன், அந்தச் சின்ன கீபோர்டையும் அதுல இருக்கிற ரப்பர் கட்டைங்களையும் வச்சுக்கிட்டு, முதல்ல மேளத்தைத் தட்டி கம்ப்யூட்டர்ல ஏத்தறே, அப்புறம் அதை ஓட விட்டு அது மேலயே வாசிக்கறே. ஏதோ நேத்துதான் கண்டுபிடிச்ச மாதிரி எனக்கு விளக்கம் வேற. கண்ணு, அதே வேலையை நானும் அவரும் மெர்டேக்கா, அதான் நாடு விடுதலையான சமயத்துலயே இதே வீட்டுல பண்ணியாச்சு.

அவருன்னா என் வீட்டுக்காரர். பேரைச் சொல்லச் சொல்லாதே, வாய் வராது. இந்த காஜா பேராங் பக்கத்துச் செட்டிங்க நம்ம சாமியைத்தான் கும்பிடுவாங்க, பேச்சு மட்டும் மலாய், நடுவுல நம்ம வார்த்தை நாலு கிடக்கும். அவரும் அப்படித்தான். பண்டார் ஹிலிர்ல ஒரு ரேடியோ கடையில ரிப்பேர் வேலை. ரெபானா வாசிப்பார், அதான் மடியில வச்சு ரெண்டு கையாலயும் தட்டுற ஒத்தை முக மேளம். நான் ஆர்மோனியம். எங்கப்பா தோட்டத்துப் பஜனையில வாசிச்ச பெட்டி, கல்யாணத்துக்கு நகைக்குப் பதிலா அதைத்தான் தூக்கிட்டு வந்தேன்னு அவர் கேலி பண்ணுவார். நல்லாத்தான் வாசிப்பேன், ஆனா தாளம் நிக்காது. பாட்டுல சந்தோஷமான இடம் வந்துட்டா போதும், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடிடுவேன். அவர் எனக்காக நிதானிச்சு, நான் மூச்சு விட்டு வர்ற வரைக்கும் ஒரே அடியைத் தட்டிக்கிட்டு இருப்பார். ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை.

மெர்டேக்கா ஆனதும் துரைங்க ஒவ்வொருத்தரா ஊரைக் காலி பண்ணிட்டுக் கப்பல் ஏறினாங்க இல்லையா, அப்ப ஒரு துரை கெட்டுப் போன டேப் ரெக்கார்டரை வேண்டாம்னு கடையில விட்டுட்டுப் போயிட்டார். ரெண்டு பெரிய சுருள் வச்ச மாடல், தூக்கவே ரெண்டு ஆள் வேணும். அதை அவர் பிரிச்சு மேஞ்சு ஓட வச்சுட்டார். சுருள் மட்டும் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதுல அவர் ரெபானாவை மட்டும் வாசிச்சுப் பதிஞ்சு வச்சார், அவர் கடைக்குப் போனதும் நான் பகல்ல அதை ஓட விட்டு ஆர்மோனியம் பழகணும், அடுத்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுல ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கணும், அதான் திட்டம்.

திருவிழா வந்துச்சு, அவர் இல்லை. மூணே நாள் காய்ச்சல். கல்யாணமாகி ரெண்டு வருஷம் முடியலை, குழந்தையும் இல்லை. எனக்குன்னு மிஞ்சினது அந்த ஒரு சுருள்தான். போட்டோ இருந்துச்சு, இல்லேங்கலை, ஆனா போட்டோவுல இருக்கிறவர் யாரோ மாதிரி விறைச்சுக்கிட்டு நிப்பார். அந்த டேப்புலதான் அவர் அவரா இருந்தார். வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமுவார், அது கூட அதுல இருக்கும். மைக்கு அவர் கடைசியா சொருகி வச்ச இடத்துலயே இருந்துச்சு, அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலை. அந்த மனசு வராததுதான் பின்னால வினையாச்சு.

எங்கம்மா வந்து தோட்டத்துக்குக் கூப்பிட்டாங்க, நான் போகலை. மாமியாரோடயே இருந்துட்டேன். 'மாக்'னு கூப்பிடுவேன், மலாய்ல அம்மான்னு அர்த்தம். அடுத்து வந்த பொங்கலுக்கு முதல் நாள் அவருக்கு முதல் படையல். இவங்க வீட்டு வழக்கம் நம்மளோடது மாதிரி இல்லை. செத்துப் போனவங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் ஆக்கி, நடு ரூம்ல இலை போட்டு வச்சு, சாம்பிராணி காட்டிட்டு, எல்லாரும் வெளிய வந்துடணும். கதவைச் சாத்திடணும். ஒரு ஊதுவத்தி எரியற நேரம் அவங்க வந்து சாப்பிடுவாங்க, அப்புறம் கதவைத் தட்டிட்டு நாம உள்ள போகணும். நடுவுல திறந்தா அரை வயித்தோட எழுந்து போயிடுவாங்களாம். எனக்கு அதுல நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா மாக் ரெண்டு நாளா உக்காந்து மீன் குழம்பும் சிஞ்சாலோங்கிற இறால் ஊறுகாயும் பலகாரமும் செஞ்ச அழகைப் பாத்தா, நம்பாதவளும் இலையை நல்லாத் துடைச்சுத்தான் போடுவா.

எனக்கும் ஏதாவது வைக்கணும்னு ஆசை. என் சமையல் அவருக்குக் காரம், பாவம், கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டே சாப்பிடுவார். அதனால அவர் மேளத்தையே அவருக்குப் போட்டுக் காட்டலாம்னு தோணுச்சு. மாக் சரின்னாங்க. இலைக்குப் பக்கத்துல டேப் பெட்டியைத் தூக்கி வச்சோம். பட்டன்ல இருந்த எழுத்தெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு, எனக்கு விரல் பழக்கம்தான். சாம்பிராணிப் புகை ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம், வெளிய வான்னு மாக் கையைப் பிடிச்சு இழுக்கிறாங்க, எதையோ அழுத்திட்டு, சுருள் சுத்துறதை மட்டும் பாத்துட்டு வந்துட்டேன். கதவைச் சாத்தியாச்சு. பட்டப் பகல், நாலு மணி இருக்கும், வெயில் சுள்ளுன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

வாசல்ல நிக்கிறோம். மேளச் சத்தமே கேக்கலை.

கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் உறைச்சுது. சுருள் சுத்துது, சத்தம் வரலைன்னா, நான் அழுத்தினது பதிவு பண்ற பட்டன். மைக்கு வேற சொருகியிருக்கு. காலி ரூமோட சத்தத்தை அவர் மேளத்து மேல பதிஞ்சுக்கிட்டு இருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் அவர் அழிஞ்சுக்கிட்டே இருக்கார். "மாக், மேளம் கேக்கலை, நான் தப்பாப் போட்டுட்டேன், அழிஞ்சிடும்"னு கத்திட்டேன்.

மாக் கதவைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. மலாய்லதான் சொன்னாங்க, எனக்கு அந்தக் குரல் கூட இன்னும் ஞாபகம் இருக்கு. "உனக்கு அவன் புருஷன். திறக்கணும்னா திற மகளே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சொல்லிட்டுக் கதவை விட்டுத் தள்ளி நின்னாங்க. திட்டியிருந்தாகூடத் திறந்திருப்பேன் செல்வி. அந்த ரெண்டு நாள் அடுப்புல வெந்த கை, மஞ்சளும் புகையுமா அப்படியே இருந்துச்சு. மகன் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு அந்த அம்மா நிச்சயமா நம்புது. நான் நம்பலை. நம்பாத நான் போய் அவர் தட்டைத் தள்ளி விட முடியுமா? கதவுல வச்ச கையை எடுத்துட்டேன். ரொட்டிக்காரர் சைக்கிள்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே போனார், பக்கத்து வீட்டுக் கோழி கத்துச்சு, அதையெல்லாம் கேட்டுக்கிட்டு அங்கயே நின்னு அழுதேன். என் வாழ்க்கையில அவ்வளவு நீளமா எரிஞ்ச ஊதுவத்தி வேற இல்லை.

தட்டிட்டு உள்ள போனா, இலையில வச்சது வச்ச மாதிரி இருந்துச்சு. பெட்டி நின்னு போயிருந்துச்சு, பட்டன் மேல தூக்கியிருந்துச்சு. சுருள்ல இன்னும் ரெண்டு விரல் கனத்துக்கு டேப்பு மிச்சம் இருந்துச்சு, அதனால தானா நிக்கக் காரணமே இல்லை. கரண்ட்டு போய் வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். கரண்ட்டு போனா பட்டன் எப்படித் தூக்கும்னு அப்ப யோசிக்கலை.

ரெண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூணாவது நாள், சரி, எவ்வளவு போச்சுன்னாவது பாப்போம்னு மாக்கைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் போட்டேன். முதல்ல நான் மூக்கை உறிஞ்சுறது. கதவு சாத்துற சத்தம். கடிகாரம் ஓடுது. செருமல் போச்சு, மேளம் போச்சு, வெறும் ரூம். தூரத்துல, கதவுக்கு அந்தப் பக்கம், நான் கத்துறது. அப்புறம் மாக் பேசறது. அது முடிஞ்சு ஒரு அமைதி, பாரு.

அப்புறம் ரெபானா.

நீ உடனே சொல்லுவே, பழசு சரியா அழியலை ஆன்ட்டி, அடியில இருந்தது கேக்குதுன்னு. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன், ரேடியோ கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனா நடுவுல ரொட்டிக்காரர் ஹாரன் வருது, அன்னைக்கு நாங்க வாசல்ல நின்னு கேட்டோமே, அதே ஹாரன். ஹாரன் வந்ததும் மேளம் நின்னுடுது. அது தூரமாப் போய்த் தேயற வரைக்கும் பொறுத்திருந்து, விட்ட இடத்துலேருந்து மறுபடி தொடங்குது. எப்பவோ பதிஞ்ச மேளத்துக்கு அன்னைக்கு ரொட்டிக்காரர் வர்றது எப்படித் தெரியும்? கடைசியில மேளம் முடியுது, ஒரு சின்ன அமைதி, 'டொக்'னு பட்டனைத் தூக்கற சத்தம். அதோட சரி. மாக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "வயிறு நிறைஞ்சிருக்கு அவனுக்கு"ன்னாங்க. அவ்வளவுதான், எழுந்து கோழிக்குத் தீனி போடப் போயிட்டாங்க.

எனக்குத்தான் அன்னைக்கு உக்காரவும் முடியலை நிக்கவும் முடியலை. ஆர்மோனியத்தை எடுத்து வச்சுக்கிட்டு அதோட வாசிச்சேன். நான் ஓடுற இடத்துல மேளம் நிதானிச்சு நின்னுச்சு. அது பழைய டேப்புலயும் அப்படித்தான், எங்க ஓடுவேன்னு அவருக்குத் தெரியுமே. ஆனா அன்னைக்குப் பாதிப் பாட்டுல அழுகை வந்து, எப்பவும் நிக்காத ஒரு இடத்துல நான் நின்னுட்டேன். மேளமும் நின்னுச்சு. ஒரே அடியை மெதுவாத் தட்டிக்கிட்டு, நான் வர்ற வரைக்கும் இருந்துச்சு. இதுக்கு மேல இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. எனக்குப் பயமே வரலை, செல்வி. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

மாக்கும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் யாருக்கும் இதை முழுசாச் சொன்னதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, படையல் அன்னைக்கு மட்டும், பெட்டியைத் துடைச்சு வச்சு அவரோட வாசிப்பேன். இப்ப என் விரல் மடங்க மாட்டேங்குது, பாட்டு நகர்றதே நத்தை மாதிரி இருக்கு. மேளமும் என்னோடயே நகருது. பெட்டி கிழடாகி மெதுவா ஓடுதுன்னு நீ சொல்லலாம். அப்படின்னா சத்தம் கனத்துத் தொங்கிப் போகணும், அவர் மேளத்துத் தோல் அன்னைக்கு மாதிரியே கணீர்னு இருக்கு. ஹாரனும் அதே ஹாரன்தான்.

இதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஒண்ணே ஒண்ணுதான் மனசைப் போட்டுக் குடையுது. முன்னெல்லாம் அந்த 'டொக்' கேட்டதுக்கு அப்புறமும் சுருள்ல ரெண்டு விரல் கனத்துக்கு டேப்பு மிச்சம் இருக்கும்னு சொன்னேன்ல. நாங்க மெதுவாக மெதுவாகப் பாட்டு முடிய அதிக டேப்பு ஓடி, அந்த மிச்சம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இந்தப் படையலுக்கு 'டொக்' கேட்டப்போ நகத்தால தடவிப் பாத்தேன். ஒரே ஒரு சுத்துதான் இருக்கு.