ராசிக்கால் செல்லசாமி

ஊசிமலைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை செல்லசாமிக்கு. வெட்டுக்கத்தியும் கையுமாக மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்த அவனுக்கு ஒரே நாளில் பெரும் பெயர் வந்தது. பந்தைத் தவறாக உதைத்ததால் வந்த பெயர் அது.

ஐம்பத்தொன்றாம் ஆண்டு. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் வட்டாரத்துத் தோட்டங்கள் கூடி விளையாடும் கிண்ணப் போட்டியில் ஊசிமலை எப்படியோ இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு தோட்டத்துக்காரர்கள் லொறி கிடைக்காமல் வரவே இல்லை. இன்னொரு தோட்டத்தில் கோல் காக்கும் கோலி காய்ச்சலில் படுத்துவிட்டான். கடைசியில் எதிரே நின்றது கல்லாத்துத் தோட்டம். பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். மூன்று வருடமாகக் கிண்ணத்தைக் கீழே வைக்காதவர்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பனி இறங்கி மைதானத்தை மூடியது. அவனவன் கால் அவனவனுக்கே தெரியவில்லை. பின்வரிசையில் நின்ற செல்லசாமியிடம் பந்து உருண்டு வந்தது. வலது ஓரத்திலிருந்து அவன் பெண்டாட்டியின் தம்பி பழனியாண்டி, "மச்சான், இங்க, இங்க" என்று கூப்பிட்டான். அந்தக் குரலைப் பார்த்துத்தான் செல்லசாமி உதைத்தான். பந்து பாதத்தின் ஓரத்தில் பட்டு எங்கோ எகிறிப் பனிக்குள் மறைந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து கல்லாத்துக் கோலியின் குரல் மட்டும் கேட்டது.

"அடப் பாவி, எனக்குப் பின்னால கெடக்குடா."

அந்தக் கோலில் கிண்ணம் ஊசிமலைக்கு வந்தது. அன்று மாலையே அவன் 'ராசிக்கால் செல்லசாமி' ஆகிவிட்டான். புதுக் காம்பரா வீட்டில் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சுமுன் அவனைக் கூப்பிட்டு வாசலைத் தாண்டச் சொன்னார்கள். பீன்ஸ் விதை போட்ட பாத்தியில் ஒரு தரம் நடந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"நான் பழனியாண்டிக்குத்தாங்க ஒதச்சேன். பந்துதான் வேற பக்கம் போயிருச்சு" என்று அவன் போகிற இடமெல்லாம் சொன்னான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையனுக்கு எவ்வளவு அடக்கம் என்று இன்னும் இரண்டு மடங்கு புகழ்ந்தார்கள்.

அடுத்த வருடம் முதல் ஆட்டத்திலேயே மானம் கப்பலேறியது. பந்து யாரிடம் போனாலும் அவன் அதைச் செல்லசாமி பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்லசாமி எங்கிருந்து உதைத்தாலும் அது கோலுக்குள் போகும் என்று தோட்டமே நம்பியது. அன்று பனி இல்லை, பளிச்சென்று வெயில். ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிரவு செல்லசாமியின் பெண்டாட்டி பேச்சியம்மா அவனுடைய வீங்கிய காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள். கொழுந்து எடுக்கிற விரல்கள்; அழுத்தினால் உயிர் போகும்.

"போன வருசம் யாருங்க ஜெயிச்சது?"

"பனிதான் ஜெயிச்சுச்சு."

"இந்த வருசம் பனி வரலியாக்கும்?"

"வரல."

"அப்ப பனி வராத நாளைக்கு என்னா செய்யப் போறீங்க?"

அந்தக் கேள்வி செல்லசாமியைவிட்டுப் போகவில்லை. மறுநாள் மலையில் கத்தி செடியை வெட்டியது. மனம் வேறொன்றை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிளப் கூட்டம். தலைவர் பழனியாண்டி. தப்பு அடிப்பதிலும் முனியாண்டிக்கு வேண்டுதல் வைப்பதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வருடத் தோல்விக்கு, போன வருடம் நேர்ந்த கிடாவை வெட்டாததுதான் காரணம் என்று அவன் பேசி முடித்ததும் செல்லசாமி எழுந்தான்.

"கெடா வெட்டுங்க, வேணாங்கல. ஆனா தோட்டத்து மூணு டிவிசன்லயும் சின்னப் பயலுகளுக்குத் தனித்தனியா டீம் போடணும். ஞாயித்துக்கெழம தோறும் அவுங்களுக்குள்ள ஆடட்டும். பெரிய டீம்ல ஒரு எடத்துக்கு ரெண்டு ஆளு பழகணும். ஒருத்தன் இல்லாட்டி இன்னொருத்தன் அதே எடத்துல நிக்கணும்."

"எத்தன வருசத்துல ஜெயிக்கலாம் மச்சான்?"

"அது தெரியாது. இந்தப் பயலுக வளந்து வரணும்."

மடுவம் குலுங்கச் சிரித்தார்கள். பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஆடுறது? நம்ம தோட்டத்துல தட்டையா ஒரு எடம் உண்டா? பந்து பள்ளத்துல உருண்டா எடுத்துட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

"எடம் இல்லாட்டி உண்டாக்குவோம்."

ஆற்றோரத்தில் தேயிலை வளராத ஒரு சதுப்பு கிடந்தது. செல்லசாமி போய்த் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டான். துரை சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே தோட்டத் தமிழில் சொன்னார்: "சதுப்பு எடு. வேலை நேரம் எடுக்காதே."

ஞாயிற்றுக்கிழமைகளில் மண் வெட்டத் தொடங்கினார்கள். முதல் வாரம் வந்தது செல்லசாமியும் நாலைந்து பேரும்தான். அடுத்த வாரம் பேச்சியம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நின்றாள். அவள் பின்னால் அவளுடைய லயத்து வரிசை வீடுகளின் பெண்கள். கொழுந்து சுமந்த கூடைகள் மண் சுமந்தன. பெண்கள் சுமக்கும்போது வீட்டில் படுத்திருக்க எந்த ஆம்பளைக்கு மனசு வரும்? மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பழனியாண்டி தப்பை எடுத்து வந்து ஓரத்தில் நின்று அடிக்க, அந்தத் தாளத்துக்குக் கூடைகள் ஓடின. சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

முழு மைதானமாக அது ஆகிப் புல்லும் பிடித்த நேரத்தில் ஐம்பத்தேழு மார்கழி வெள்ளம் வந்தது. ஆறு கரை தாண்டி ஏறி, பாதி மைதானத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. விடிந்ததும் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். கோல் கம்பம் ஒன்று மட்டும் சேற்றில் சாய்ந்து நின்றது.

"நமக்கு விதிச்சது அவ்வளவுதான் மச்சான்" என்றான் பழனியாண்டி. கண் கலங்கியிருந்தது.

செல்லசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினான். "விதி இல்ல. மலையில கான் வெட்டாம செடி வெச்சா மண்ணு நிக்குமா? அத இங்க மறந்துட்டோம். இந்தப் பக்கம் கல்லு கட்டணும், அந்தப் பக்கம் தண்ணி போக கான் வெட்டணும். நீ தப்ப எடுத்துக்கிட்டு வா."

இரண்டாம் முறை கட்டிய மைதானம் அசையவில்லை.

அந்த வருடங்களில் ஊசிமலை தோற்றுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் தோல்வி மாறிக்கொண்டு வந்தது. ஏழு கோல் நாலாயிற்று, நாலு ஒன்றாயிற்று. மழை பெய்தால் மற்றத் தோட்டங்களில் பந்தை உள்ளே எடுத்து வைப்பார்கள். ஊசிமலையில் மழை பெய்தால் செல்லசாமி பந்தோடு வெளியே வருவான். "ஹட்டன்ல ஆட்டம் நடக்குறப்ப மழைகிட்ட போயி லீவு கேப்பீங்களா?" என்பான். கோலி அழகுமுத்து, பந்தைப் பிடித்த கையோடு இடது ஓரத்துக்கு வீச வேண்டும். அங்கே நிற்கிறவன் நிமிர்ந்து பார்க்காமலே ஓடத் தொடங்க வேண்டும். திரும்பத் திரும்ப இதையே செய்யச் சொல்வான். சலித்துப்போய்த் திட்டுகிறவர்கள் திட்டட்டும் என்று விட்டுவிடுவான்.

அறுபத்திரண்டில் ஊசிமலை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இந்த முறை எல்லா ஆட்டத்தையும் ஆடியே வந்தது. எதிரே மறுபடி கல்லாத்து.

ஆட்டத்தன்று காலையில் இருந்தே மழை. தோட்டத்துச் சனம் முதல் ரயிலிலேயே போய்விட்டது. பையன்களை ஏற்றிக்கொண்ட லொறி பாதி வழியில் நின்றது. முன்னால் மலை சரிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. பாறையும் மரமுமாக, பார்க்கவே பயமாக இருந்தது.

"எறங்குங்கடா" என்றான் செல்லசாமி. "தேயிலைக்குள்ளால ரயில் பாதைக்கு எறங்கிருவோம். ஓடுங்க."

வரிசை வரிசையாக நின்ற செடிகளுக்கு நடுவே பன்னிரண்டு பையன்களும் வழுக்கிக்கொண்டும் உருண்டுகொண்டும் இறங்கினார்கள். அட்டை கடித்தது யாருக்கும் உறைக்கவில்லை. பழனியாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். செல்லசாமி எல்லோருக்கும் முன்னால் ஓடி, ரயில் பாதை பிடித்து, ஹட்டன் மைதானத்துக்குள் சேறும் ரத்தமுமாய் நுழைந்தான்.

ரெப்ரி பேரின்பநாயகம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் படிப்பிக்கிறவர். கறாரான மனிதர். விசிலை உதட்டுக்குக் கிட்ட வைத்திருந்தார்.

"ஐயா, பாதை சரிஞ்சிருச்சுங்க. பின்னால வந்துக்கிட்டு இருக்காங்க."

மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சரி, இன்னும் பத்து நிமிசம் பாக்கிறன். அதுக்குப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

பத்து நிமிடமும் பத்து யுகமாய் நகர்ந்தது. விசில் உதட்டுக்குப் போகிற நேரம், வேலியோரத்தில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. சனம் எழுந்து கூச்சல் போட்டது. கடைசியாகப் பழனியாண்டி வந்தான். அவன் முதுகில் அழகன். டீமிலேயே சிறந்த ஆட்டக்காரன், இடது ஓரத்துக் காற்று. வழுக்கி விழுந்ததில் கணுக்கால் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது.

கூட்டத்தில் யாரோ ஒருவர் தொடங்கி வைத்தார். "ராசிக்கால எறக்கு." அது பரவிக்கொண்டே போய் மைதானமே அதைச் சொல்லத் தொடங்கியது.

பழனியாண்டி அழகனை இறக்கிவிட்டு ஓடி வந்து செல்லசாமியின் கையைப் பிடித்தான். "மச்சான், நீ எறங்கு. ஒன் கால் பட்டா போதும். அன்னிக்கும் இதே கல்லாத்துதான்."

செல்லசாமிக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆசை இல்லாமல் இல்லை. இவ்வளவு சனம் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது யாருக்குத்தான் கால் துடிக்காது? திரும்பிப் பார்த்தான். ஒதுங்கி நின்ற சின்னராசாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அழகன் ஓய்ந்த ஞாயிறுகளில் எல்லாம் அழகனுடைய இடத்தில் ஓடியவன் அவன்.

"சின்னராசா, ஒன் எடத்துக்குப் போடா."

கூட்டத்திலிருந்து ஏச்சு வந்தது. ஒருத்தர் குடையையே எறிந்தார்.

விசில் ஊதியது. ஆரம்பத்திலேயே கல்லாத்து ஒரு கோல் போட்டது. ஏச்சு இரண்டு மடங்கானது. செல்லசாமி கோட்டுக்கு வெளியே கல்லாய் நின்றான். ஆனால் மழை வலுக்க வலுக்க ஆட்டம் புரண்டது. கல்லாத்துக்காரர்களின் பூட்ஸில் சேறு ஏறி ஒவ்வொரு காலும் ஒரு கல் கனத்தது. வெறுங்கால் பையன்களோ, ஆற்றோரத்து ஞாயிற்றுக்கிழமை போலவே ஆடினார்கள். இடைவேளைக்குப் பிறகு ஊசிமலை ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. பெண்கள் பக்கத்தில் பேச்சியம்மா மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணிச் சாக்கைக் கழற்றிச் சுழற்றியது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒன்றுக்கு ஒன்று. நேரம் முடியப் போகிறது. கல்லாத்தின் முன்வரிசைக்காரன் எல்லோரையும் தாண்டிவிட்டான். அழகுமுத்து பாய்ந்தான், பந்து அவனையும் தாண்டிவிட்டது. கோலை நோக்கி உருண்டது. தடுக்க ஆள் இல்லை.

பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தேங்கிக் கிடந்த குட்டையில் பொத்தென்று நின்றது.

அழகுமுத்து சேற்றில் தவழ்ந்தே போய்ப் பந்தை அள்ளினான். அள்ளிய கையோடு, பார்க்காமலே, இடது ஓரத்துக்கு வீசினான். அங்கே சின்னராசா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். கல்லாத்துக்காரர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் கிடந்தார்கள். அவன் ஓரமாகவே போய், கோட்டோரத்திலிருந்து நடுவுக்குத் தூக்கிவிட்டான். நடுவில் தலை கொடுக்க ஆள் வந்து சேர்ந்தது சொல்லி வைத்த மாதிரி இருந்தது, சொல்லி வைத்ததுதான். வலை குலுங்கியது.

பேரின்பநாயகம் மாஸ்டர் நீட்டி ஊதினார். சனம் உள்ளே பாய்ந்தது. செல்லசாமியைத் தூக்க வந்தவர்களை அவன் தள்ளிவிட்டுச் சின்னராசாவைக் காட்டினான். பையன் இரண்டு தோள்களுக்கு மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

திரும்பும் ரயிலில் சண்டை தொடங்கியது. "குட்டையில பந்த நிப்பாட்டினது யாரு? முனியாண்டி" என்றான் பழனியாண்டி. "ஒன் திட்டம் எல்லாம் அங்க முடிஞ்சு போச்சு மச்சான்."

அந்தக் குட்டையைச் செல்லசாமியும் பார்த்தானே.

பேச்சியம்மா எதிர்ச் சீட்டிலிருந்து கேட்டாள். "நிப்பாட்டினது சாமின்னே வச்சுக்க. அழகுமுத்து அங்கேருந்து எடுத்து, சின்னராசா எங்க நிப்பான்னு பாக்காமலே வீசினானே, அத யாருடா செஞ்சது?"

"அதையும் முனியாண்டிதான் செஞ்சாரு" என்றான் பழனியாண்டி. "ஒம் புருசன் ரூபத்துல வந்து."

பெட்டியே சிரித்தது. செல்லசாமியும் அடக்க மாட்டாமல் சிரித்தான்.

அடுத்த வருடம் ஊசிமலை அரையிறுதியில் தோற்றது. அதற்கடுத்த வருடம் மறுபடி கிண்ணம் வந்தது. அந்த ஆட்டத்தில் பனியும் இல்லை, குட்டையும் இல்லை. அந்த ஆண்டுதான் தோட்டத்துச் சனத்தைப் பங்கு போட்டு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று லயத்துக்கு லயம் அதே பேச்சாயிற்று. கிளப்பை இனி யாருக்காக நடத்துவது என்று சிலர் கேட்டார்கள். செல்லசாமி அதற்குக் கூட்டம் போடவில்லை. மறு ஞாயிறு காலையில் சின்னப் பையன்களின் டீமை லொறியில் ஏற்றிக் கந்தப்பளைக்கு ஆடக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு தோட்டத்தில் புதிதாகப் புல் பிடித்த மைதானம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான்.