பெரம்பலூர்ச் சோளம் எங்கள் பண்ணைக்கு வந்த கதை

அன்று எங்கள் கோழிப்பண்ணை வாசலில் நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிறு பண்ணையாளர் சங்கத்தின் தலைவர். நாமக்கல், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்தையும் சேர்த்துவைக்க வந்த அதிகாரி அம்மா. பெரம்பலூர்ப் பக்கத்துச் சோள விவசாயிகளுக்குப் பெரியவர். அவரோடு வந்த ஒரு அம்மா, அவரும் சோளம் போடுகிறவர். அவர்களுடைய வேன் டிரைவர். மருந்துத் தண்ணீர்க் குழாயோடு என் வீட்டுக்காரர். நான்.

நான் சங்கத்தில் பொருளாளர். பொம்பளை ஒருத்தி இருக்கவேண்டும் என்றார்கள், போட்டார்கள். அஞ்சாவதோடு நின்றவள்.

கோழித் தீனியில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், சோளம் என்றே சொல்வோம். நாமக்கல்லில் விளைவது பத்தாது. பெரம்பலூரில் கொட்டிக் கிடக்கிறது. பெரிய பண்ணைக்காரர்கள் எங்கிருந்தும் இறக்கிக்கொள்வார்கள். எங்களை மாதிரி ஆளுக்கு அது நாலு கை மாறித்தான் வரும். பக்கத்தில் இரண்டு பண்ணை தீனி விலையில் மூடியாச்சு. பெரம்பலூர் விவசாயிகளிடம் நேராக வாங்கும் இந்த ஒப்பந்தம் அமையாவிட்டால் அடுத்த குஞ்சு இறக்கப் போவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அதிகாரி அம்மா போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அங்கே கறவை மாடு அதிகம். இங்கே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்களில் மரவள்ளிக் கிழங்கைப் பிழிந்த சக்கை கிடக்கிறது. திப்பி என்போம். மாடு நன்றாகத் தின்னும். ஒரே லாரி போகும்போது திப்பி, வரும்போது சோளம். நடுவில் ஆள் இல்லை.

அவர்கள் ஒன்று கேட்டார்கள். கையெழுத்துக்கு முன்னால் பண்ணையைப் பார்க்கவேண்டும். வாங்க என்றோம்.

பண்ணை வாசலில் ஒரு தொட்டி உண்டு. அதில் ஊதா நிற மருந்துத் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் நனைத்துத்தான் உள்ளே வரவேண்டும். வெளிக்காலில் நோய் வந்தால் கொட்டகையே போய்விடும். வண்டிச் சக்கரத்துக்கும் மருந்து அடிப்போம்.

தலைவர் முன்னாலேயே காரில் வந்து இறங்கிவிட்டார். ஷூவோடு தொட்டியைத் தாண்டி உள்ளே போய் நின்றுகொண்டார். எப்போதும் அப்படித்தான். என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். எங்கள் கல்யாணத்தை நின்று நடத்தியவர். யாரும் கேட்பதில்லை.

வேன் வந்தது. என் வீட்டுக்காரர் சக்கரத்துக்கு மருந்து அடித்தார்.

"செருப்பக் கழட்டிப்போட்டு, கால நனைச்சுட்டு வாங்க சாமி" என்றார்.

பெரியவர் தொட்டியைப் பார்த்தார். உள்ளே நின்ற தலைவரின் ஷூவைப் பார்த்தார்.

"அவருக்கு வேணாமா?"

என் வீட்டுக்காரர் கையிலிருந்த குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அதிகாரி அம்மா அவசரமாகச் சொன்னார். "கோழிக்கு நோய் வரக்கூடாதுன்னுதாங்க ஐயா."

"நோய் எங்க கால்ல மட்டுந்தான் வருமா?"

கூட வந்த அம்மா விடவில்லை. "எங்க சோளம் உள்ள போலாம். நாங்கதான் கழுவிட்டுப் போவணுமாக்கும்."

ஒரு காலத்தில் யார் வாசலில் யார் செருப்பைக் கழற்றினார்கள் என்பது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அவர்களுக்கும் மறக்கவில்லை. பெரியவர் திரும்பிவிட்டார்.

"வண்டிய எடுப்பா."

டிரைவர் சாவியைப் போட்டான். நான் தலைவரைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, வெளிய வாங்க."

"என்ன அம்மிணி?"

"வெளிய வந்து, கால நனைச்சுட்டு உள்ள போங்க."

"நான் என்ன புதுசாவா வாரேன்?"

என் வீட்டுக்காரர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் பார்க்காதது மாதிரி நின்றேன்.

"இவங்க சோளக்காட்டுல இருந்து வாராங்க. நீங்க உங்க கோழிப்பண்ணையில இருந்து வாரீங்க. யாரு கால்ல நோய் வரும்? நீங்களே சொல்லுங்க மாமா."

அவர் முகம் கறுத்தது. அந்த வயதில், மருமகள் ஒருத்தி சொல்லி, வெளியூர் ஆட்கள் முன்னால். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போனால் சங்கமும் போகும்.

வெளியே வந்தார். குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தார். வயிறு இடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி நின்றார். இரண்டு காலும் முழுகின. ஏறி வந்தபோது மருந்துக் கறையில் பாதம் சிவந்திருந்தது.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மருதாணி வெச்ச மாதிரி இருக்குங்க ஐயா."

தலைவர் காலைப் பார்த்தார். "இந்தக் காலோட ஊட்டுக்குப் போனா, எவளக் கட்டிட்டு வந்தேன்னு கேப்பாளுங்க."

டிரைவர்தான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும். பெரியவர் சிரிக்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டினார். செருப்பைக் கழற்றித் தலைவரின் ஷூவுக்குப் பக்கத்தில் விட்டார். இறங்கினார்.

"சில்லுனு இருக்கு" என்றார்.

கொட்டகையை முழுதும் சுற்றினார்கள். அந்த அம்மா தீனியை அள்ளி முகர்ந்து பார்த்தார். முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என் வீட்டில் சாப்பிட்டார்கள். சோளத்துக்கு எடை எங்கே போடுவது, ஈரம் எங்கே பார்ப்பது என்று வெகு நேரம் சண்டை. இரண்டையும் அவர்கள் ஊர்க் களத்திலேயே வைத்துக்கொள்வது, எங்கள் ஆள் ஒருவர் போய் நிற்பது என்று முடிந்தது. சாயங்காலம் கையெழுத்து. பெரியவர் போட்டார், தலைவர் போட்டார், நானும் போட்டேன்.

தலைவர் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ரொம்ப நாள் பேசவில்லை. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

இப்போது வேறு மாவட்டத்து ஆட்களை ஒப்பந்தத்துக்கு அழைத்து வந்தாலும், அதிகாரி அம்மா முதலில் எங்கள் பண்ணைக்குத்தான் கூட்டி வருகிறார். பக்கத்து மாவட்டத்து ஓமலூர்ச் சிறு பண்ணைக்காரர்களும் எங்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் குஞ்சு இறக்கினோம்.

கையெழுத்துக்குப் பின் முதல் லாரி திப்பியோடு போய், சோளத்தோடு திரும்பியது. இறக்கும்போது நானே பக்கத்தில் நின்று எண்ணினேன்.

நூற்று அறுபது மூட்டை.