சுக்கு குடோனில் வரைந்த படம்

மட்டாஞ்சேரியின் பழைய சுக்கு குடோன் இப்போது கேலரி. எத்தனை வெள்ளை அடித்தும் சுவரிலிருந்து அந்தக் காரம் போகவில்லை. உள்ளே நுழைந்ததும் தும்மினேன். பத்து வயது திரும்பிவிட்டது.

இன்று இங்கே மாட்டியிருக்கும் படங்களை வரைந்த ஓவியர் அப்போது இந்தக் குடோனில்தான் இருந்தார். படம் போடுவார், நாடகம் எழுதுவார், ஆர்மோனியம் வாசிப்பார். ஊரே அவரைத் திட்டும். கல்யாணமாகாத என் அத்தை, அப்பாவுக்குத் தெரியாமல் வந்து, முடியை அவிழ்த்துப்போட்டு அவர் முன்னால் உட்காருவாள். துணைக்கு நான். சுக்கும் டர்பன்டைனும் கலந்த வாடை மண்டைக்கு ஏறும்.

ஒருநாள், "என்னையும் வரையுங்கோ" என்றேன்.

"உன் முகத்துல ஒண்ணுமே இல்லியே மோளே" என்றார். அத்தையும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் நானே அப்பாவைக் கூட்டி வந்தேன். அப்பா அத்தையை முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்தார். அவள் அலறினாள். அந்த மனுஷர் தடுக்கவில்லை. கரித்துண்டை எடுத்து வரைய ஆரம்பித்தார். அந்த மாதமே அத்தையை யாரோ கிழவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தப் படத்தின் முன்னால்தான் இன்று கூட்டம். முடியைப் பிடித்த கை, திறந்த வாய், கதவோரம் ஒரு சிறுமி.

அன்று நான் அழுதேன் என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். படத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.