மூன்று முறை மாற்றிய கண்ணாடி

அலுவலகத்தில் அவளுக்கு விரிசலக்கா என்றுதான் பெயர். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் இருபத்தாறு வருடமாக இன்ஜினியர். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் முகங்களைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்ப்பாள். நாத்தனார் ஆசையாகக் கட்டிய புது வீட்டின் வாசலில் நின்றபடியே சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளே ஈரம் இருக்கு" என்று சொல்லிவைத்தாள். ஒரு வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஈரம் இருந்தது என்னவோ உண்மைதான்.

ஆனால் எப்போதும் அவள் கணக்கு சரியாக இருந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாடக அரங்கின் கூரை விழப்போகிறது என்று நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தினாள். அந்தக் கூரை இன்றைக்கும் கல்லு மாதிரி நிற்கிறது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மேஜை வேலைதான், கட்டடப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அன்று பகல் பதினோரு மணிக்கு மாதாந்திரச் சோதனைக்காகப் பழைய நூலகத்துக்குப் போனாள். கீழே வாசிப்புக் கூடம், மேலே மாடி முழுக்கப் புத்தக அலமாரிகள். அத்தனை பாரத்தையும் ஒரு பெரிய மர உத்தரம் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை சுவருக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு விரிசல். இரண்டு வருடத்துக்கு முன் அவள் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரு முனைகளையும் சாந்தால் ஒட்டி, தேதியும் கீறியிருந்தாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாத வரை நிம்மதியாகத் தூங்கலாம்.

கண்ணாடி முழுசாக இருந்தது. 'அசைவு இல்லை' என்று நோட்டில் எழுதிவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது, பிடிமானத்துக்காக வைத்த விரல் சாந்தின் மேல் பட்டது. சில்லென்று ஈரம். இரண்டு வருடச் சாந்து எப்படி ஈரமாக இருக்கும்? அவள் வெளியே ஓடினாள்.

வெளிச்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"உள்ளே அந்தக் கண்ணாடியை யாருடா தொட்டது?"

"நான்தான்க்கா. உடைஞ்சு தொங்கிட்டிருந்தது, மாத்திட்டேன்." பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தான். "தேதியைக்கூட உன் கையெழுத்து மாதிரியே கீறினேன், பாத்தியா?"

"எத்தனை தடவை மாத்தின?"

"இந்த மாசம் மூணு. மட்டமான கண்ணாடிக்கா. நேத்து நல்ல தடியா வாங்கி ஒட்டியிருக்கேன். இனிமே உடையவே உடையாது."

அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் உடைந்தது எதுவானாலும் முன்பு இருந்த மாதிரியே மாற்றி வைக்க வேண்டும் என்று பதினைந்து வருடமாக அவன் காதில் ஓதியவள் அவளேதான்.

நேராக நூலகரிடம் போனாள். "சார், கூடத்தைக் காலி பண்ணணும். இப்பவே."

"அறுபது பேர் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்காங்க மேடம். ஆபீஸ் லெட்டர் இருக்கா?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நாடக அரங்கு கதையா ஆயிடப்போகுது" என்றார்.

"அப்படி ஆனா நல்லதுதான் சார். நான் சொன்னது தப்பாப் போனா என்னை மேஜை வேலைக்குத் தள்ளுவாங்க, இவங்க சிரிச்சிட்டு வீட்டுக்குப் போவாங்க. சரியாப் போனா?"

நூலகர் எழுந்து மணியை அடிக்கக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தால் ஓடுவார்கள், ஓடினால் அதிரும். ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து, "மெதுவா எழுந்து பின்கதவு வழியாப் போங்க, நாற்காலியை இழுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒருத்தி முறைத்தாள். ஒருவன் பையை எடுக்கத் திரும்பி வந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள்.

பாதிப் பேர்தான் போயிருந்தார்கள். மேலே கடகடவென்று சத்தம் கேட்டது. யாரோ புத்தக வண்டியைத் தள்ளுகிறார்கள்.

"ஐயோ, நம்ம அட்டெண்டர்!" என்றார் நூலகர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி படியேறிவிட்டான். தொண்ணூறு கிலோ ஆள், சுவரோரமாகப் பூனை மாதிரி போனான். சத்தம் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுப் பின்கதவில் நின்றாள். மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. தம்பி முழுசாக வந்து நின்றால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

அப்போது அந்தத் தடித்த கண்ணாடி, உடையாமல், சாந்தோடு பெயர்ந்து காலி மேஜையின் மேல் விழுந்தது. பின்னாலேயே உத்தரம் முனகியது. ஒரு ஜாண் இறங்கி, சுவரைக் கிழித்துக்கொண்டு நின்றது. பின்படி வழியாக அட்டெண்டரை இழுத்துக்கொண்டு தம்பி வெளியே வந்தபோது இருவர் தலையிலும் வெள்ளைத் தூசி. அவள் அவன் தோளில் ரெண்டு அடி போட்டு, அங்கேயே அழுதாள்.

சாயங்காலத்துக்குள் முட்டுக் கொடுத்தாகிவிட்டது. உத்தரத்தின் முனை மொத்தமும் மக்கிப் பொடியாகியிருந்தது. அவள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

"என் பேரைப் போடாதக்கா. லைசென்ஸ் போயிடும்."

எழுதி முடித்துக் காகிதத்தை அவனிடம் நீட்டினாள். 'கண்ணாடியை மூன்று முறை மாற்றியவர்: ஒப்பந்தக்காரர், என் தம்பி. அது உடைந்தால் தொடக்கூடாது, உடனே தகவல் தர வேண்டும் என்று அவருக்கு ஒருமுறைகூடச் சொல்லாதவர்: நான்.'

அவன் இரண்டு தடவை படித்தான்.

"முதல் வரி இருக்கட்டும். ரெண்டாவது வரியை அடிச்சிடுக்கா. உன் வேலை போயிடும்."

அவள் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.